காருக்கு முன்பே மூப்படையும் ஃபோன்

ரியர்வியூ கண்ணாடிக்குச் சற்று மேலே, உள்கூரையில் பதித்த சிறு பலகையில் ஒரு பொத்தான். அதன்மேல் எஸ்ஓஎஸ் என்று எழுதியிருக்கும். கை தவறிப் பட்டு அழுந்திவிடக் கூடாது என்று சில கார்களில் அதற்கு மூடியும் போட்டிருப்பார்கள். கடந்த சில ஆண்டுகளில் கார் வாங்கிய பலரின் வண்டியில் இது இருக்கிறது. அழுத்திப் பார்த்தவர்கள் குறைவு. அழுத்தவேண்டிய நிலை வராமலிருந்தால் நல்லதுதான். ஆனால் அதற்குப் பின்னால் இருப்பது என்ன என்பதைக் கார் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே இருப்பது ஒரு முழு செல்ஃபோன். சட்டைப்பையில் கிடக்கும் ஃபோனை ப்ளூடூத்தில் இணைத்துப் பேசுகிறோமே, அதைச் சொல்லவில்லை. இது காருக்கே சொந்தமான ஃபோன். டேஷ்போர்டுக்குப் பின்னால் எங்கோ ஒரு மோடம், அதன் சர்க்யூட் போர்டிலேயே பற்றவைத்த சிம், கூரையின் பின்பக்கம் சுறாவின் துடுப்புபோல் நிற்கும் ஆன்டெனா, உள்கூரையில் ஒரு மைக், கார் பேட்டரி அறுந்துபோனாலும் கொஞ்ச நேரம் பேச்சைத் தாங்கும் தனி பேட்டரி. இந்தியாவில் இப்படி இயந்திரங்களுக்குள் போகும் சிம்களுக்கென்றே 2018-இல் 13 இலக்க எண்வரிசை ஒதுக்கினார்கள். கார் தானே ஒரு சந்தாதாரர் ஆகிவிட்டது.

இதில் சிக்கல் எங்கே என்றால், ஒரே உடம்பில் இரண்டு ஆயுள்கள் சேர்ந்திருக்கின்றன. நம் நாட்டில் தனியார் காரின் ஆர்.சி. 15 ஆண்டுக்குச் செல்லும். அதன்பிறகும் புதுப்பித்து ஓட்டுகிறவர்கள் உண்டு. அமெரிக்கச் சாலைகளில் ஓடும் வண்டிகளின் சராசரி வயது 2024 கணக்குப்படி 12.6 ஆண்டு. சராசரியே இவ்வளவு என்றால், அதைத் தாண்டிய வண்டிகள் எத்தனை இருக்கும் என்று யோசித்துக்கொள்ளலாம். செல்ஃபோன் நெட்வொர்க்கின் கதை வேறு. ஒரு தலைமுறை அலைவரிசை வருகிறது, பரவுகிறது, அடுத்தது வந்ததும் மூடப்படுகிறது. கையிலிருக்கும் ஃபோனை மூன்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுகிறோம், அதனால் இந்த மூடல் நம்மைப் பெரிதாகத் தொடுவதில்லை. காரில் பதித்த ஃபோனை அப்படி மாற்ற வழி வைப்பதில்லை. ஆகவே, காரில் ஃபோனைப் பதிப்பது நல்ல காரியம்தான் என்றாலும், டயரைப்போல, பேட்டரியைப்போல அதைக் கழற்றி மாற்றக்கூடிய பாகமாக வைக்க வேண்டும். எந்த ஆண்டுவரை அது வேலைசெய்யும் என்பதை விற்கும்போதே எழுத்தில் தர வேண்டும் என்பது என் வாதம். ஊகத்தின்மேல் இதைச் சொல்லவில்லை. எழுபது எண்பது ஆண்டு வரலாறு இதையேதான் திரும்பத் திரும்பக் காட்டுகிறது.

முதல் கார் ஃபோன் அழைப்பு 1946 ஜூன் 17 அன்று அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் பேசப்பட்டது. பெல் நிறுவனத்தின் அந்தக் கருவி ஏறத்தாழ 36 கிலோ எடை, டிக்கியில் ஒரு மூட்டை அரிசிபோல் உட்கார்ந்திருக்கும். எண்ணைச் சுழற்ற முடியாது. ஆபரேட்டரைக் கூப்பிட்டு இணைப்புக் கேட்க வேண்டும். பேசும்போது பொத்தானை அழுத்த வேண்டும், கேட்கும்போது விட வேண்டும். நகரம் முழுவதற்கும் ஒரே நேரத்தில் மூன்று பேர் பேசினால் அதிகம். மேற்கு ஜெர்மனியில் 1958-இல் ஏ-நெட்ஸ் என்ற கார் ஃபோன் சேவை வந்தது. கருவியின் விலை ஒரு ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காரைவிட அதிகம். வெளியிலிருந்து அந்தக் காருக்குப் பேச வேண்டுமானால், கார் அப்போது எந்த வட்டாரத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது என்பது கூப்பிடுகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். 1972-இல் பி-நெட்ஸ், 1985-இல் சி-நெட்ஸ். ஏ-நெட்ஸை 1977-இல் மூடினார்கள், பி-நெட்ஸை 1994-இல், சி-நெட்ஸை 2000 இறுதியில். ஒவ்வொரு மூடலிலும் அதற்கென்று வாங்கிய கருவி வெறும் இரும்பானது. ஆனால் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தக் காலத்துக் கருவி பெட்டியாக டிக்கியில் இருந்தது. திருகைக் கழற்றி இறக்கிவிட்டு வேறொன்றை ஏற்ற முடிந்தது. விலை அதிகம், வேலை பெரிது, ஆனாலும் வழி இருந்தது. இன்றைய காரில் அந்த வழியைத்தான் அடைத்துவிட்டோம்.

செல்லுலார் என்னும் முறையே முதலில் காருக்காக நினைத்ததுதான் என்பதைப் பலரும் மறந்துவிட்டோம். பெல் நிறுவனத்தார் எதிர்காலத்தைக் கார் ஃபோனாகக் கண்டார்கள். மோட்டரோலாவில் இருந்த மார்ட்டின் கூப்பர் அதை ஏற்கவில்லை. ஃபோன் எண் ஒரு மேசைக்கோ வண்டிக்கோ உரியதாக இருக்கக் கூடாது, மனிதருக்கு உரியதாக இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. 1973 ஏப்ரல் 3 அன்று நியூயார்க் தெருவில் நின்று கையடக்க ஃபோனில் பேசிக் காட்டினார். இருந்தாலும் 1983 அக்டோபர் 13 அன்று சிகாகோவில் அமெரிக்காவின் முதல் வணிக செல்லுலார் சேவை தொடங்கியபோது முதல் அழைப்பு ஒரு காருக்குள்ளிருந்துதான் போனது. அமெரிடெக் நிறுவனத்தின் தலைவர், தொலைபேசியைக் கண்டுபிடித்த கிரகாம் பெல்லின் வழித்தோன்றல் ஒருவருடன் ஜெர்மனிக்குப் பேசினார். காருக்குச் சாதகமான ஒரு காரணமும் இருந்தது. அந்த அனலாக் முறையில் கையடக்க ஃபோன் 0.6 வாட் சக்தியில் ஒலிபரப்பும். காரில் பொருத்தியது 3 வாட், ஐந்து மடங்கு. மேலே ஆன்டெனா, கீழே சார்ஜ் தீராத பேட்டரி. டவர் தொலைவில் இருக்கும் நாட்டுப்புறச் சாலையில் இந்த வித்தியாசம் வாழ்வுக்கும் சாவுக்கும் இடையிலான வித்தியாசமாகக்கூட இருக்கலாம்.

இந்த பலத்தை வைத்துத்தான் ஜெனரல் மோட்டார்ஸ் 1996-இல் ஆன்ஸ்டார் சேவையைக் காடிலாக் கார்களில் தொடங்கியது. ஏர்பேக் விரிந்தால் கார் தானே ஒரு மையத்தைக் கூப்பிடும். மையத்தில் இருப்பவர் குரல் கொடுத்து நலம் விசாரிப்பார். பதில் இல்லையென்றால் ஆம்புலன்ஸ் அனுப்புவார். மக்கள் இதற்காகவே மாதச் சந்தா கட்டினார்கள். அந்த ஃபோன்கள் அனலாக். அமெரிக்காவில் அப்போது மூலை முடுக்கெல்லாம் எட்டியது அனலாக் சிக்னல்தான் என்பதால் அந்தத் தேர்வில் அன்றைக்கு நியாயம் இருந்தது. ஆனால் 2002-இல் அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம் ஒரு முடிவெடுத்தது: 2008 பிப்ரவரி 18-க்குப் பிறகு எந்த நிறுவனமும் அனலாக் சேவை நடத்தக் கட்டாயமில்லை. அதாவது தேதி ஐந்தாண்டுக்கு மேல் முன்கூட்டியே ஊரறிய அறிவிக்கப்பட்டுவிட்டது. அதற்குப் பிறகும் அனலாக் ஃபோன் பதித்த கார்கள் ஷோரூமை விட்டு வெளியே போய்க்கொண்டிருந்தன. 2008 வந்தபோது, சில மாடல்களுக்கு மட்டும் டிஜிட்டல் பாகம் பொருத்திக்கொள்ளும் வாய்ப்புக் கிடைத்தது. மற்றவர்களுக்கு அந்தப் பொத்தான் வெறும் பிளாஸ்டிக்காகிவிட்டது. மெர்சிடிஸ் கார்களின் டெலி எய்ட் சேவை இப்படி நின்றதற்காக உரிமையாளர்கள் நியூஜெர்சி கூட்டாட்சி நீதிமன்றத்தில் கூட்டாக வழக்குத் தொடுத்தார்கள். நின்றுபோகும் என்று தெரிந்துகொண்டே விற்றார்கள் என்பதுதான் அவர்களுடைய குறை. கடைசியில் வழக்கு சமரசத்தில் முடிந்தது. சட்டப்படி யார் பக்கம் நியாயம் என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. வாங்குகிறவருக்கு ஒரு வரியில் தேதியைச் சொல்லியிருந்தால் அந்த வழக்கே எழுந்திருக்காது என்பதுதான் எனக்குப் படுகிறது.

ஒருமுறை பட்டால் அடுத்த முறை பாடம் கற்றிருப்பார்கள் என்று எதிர்பார்ப்போம். நிசான் லீஃப் காரின் கதை அந்த எதிர்பார்ப்பைப் பொய்யாக்குகிறது. 2010 இறுதியில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த இந்த மின்சாரக் காரில், வீட்டில் உட்கார்ந்தபடியே சார்ஜ் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்கலாம், கிளம்புவதற்கு முன்பே ஏசியை ஓடவிடலாம். இதெல்லாம் காருக்குள் இருந்த 2ஜி மோடத்தின் தயவில் நடந்தது. 2016 இறுதியோடு ஏடி அண்ட் டி நிறுவனம் தன் 2ஜி சேவையை மூடியது. கார் விற்பனைக்கு வந்து ஆறே ஆண்டுதான் ஆகியிருந்தது. உரிமையாளர்களுக்கு 3ஜி மோடம் பொருத்தும் வசதி வந்தது. உத்தரவாதக் காலம் முடிந்தவர்கள் ஏறக்குறைய 200 டாலர் கொடுத்து அதை மாற்றிக்கொண்டார்கள். 2022 பிப்ரவரி 22 அன்று அதே நிறுவனம் 3ஜியையும் மூடியது. ஐந்தே ஆண்டில் அந்த 200 டாலரும் போயிற்று. அதே ஆண்டு முடிவதற்குள் டி-மொபைலும் வெரைசனும் தங்கள் மூன்றாம் தலைமுறைச் சேவைகளை மூடிவிட்டதால், 2010-களில் விற்ற பற்பல கம்பெனிகளின் கார்கள் அமெரிக்காவில் ஊமையாயின. பிரிட்டனில் 2016-க்கு முன் வந்த லீஃப் கார்களுக்கான ஆப் 2024 ஏப்ரலில் நிறுத்தப்பட்டது. இந்த வண்டிகளெல்லாம் சாலையில் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தன. மோட்டார் போகவில்லை, பிரேக் போகவில்லை. அவற்றின் பேச்சு மட்டும் போயிற்று.

நெட்வொர்க் கம்பெனிகளின் பக்கமும் நியாயம் இருக்கிறது என்பதை மறுக்கக் கூடாது. அலைக்கற்றை என்பது விளைநிலம் மாதிரி. அளவு குறைவு, தேவை மிகுதி. ஒரு சில லட்சம் பழைய கருவிகளுக்காக அந்த நிலத்தைத் தரிசாகப் போட்டுவைத்தால் கோடிக்கணக்கானவர்களின் இணையம் மந்தமாகும். பழைய நெட்வொர்க்குக்கு மின்சாரம், உதிரிபாகம், அதைப் பழுதுபார்க்கத் தெரிந்த ஆட்கள் எல்லாமே செலவு. 2ஜியின் பாதுகாப்புப் பூட்டு பலவீனமானது என்பதும் உலகறிந்தது. எனவே மூடாதே என்று கேட்பது சரியான கோரிக்கை ஆகாது. மூடுவது தவிர்க்க முடியாதது என்பதுதான் என் வாதத்தின் அடிப்படையே. சாகப்போவது உறுதி என்று தெரிந்த ஒரு பாகத்தை, சாகாத பாகங்களோடு சேர்த்து ஒட்டிவைப்பது பொறியியல் பிழை. அந்தப் பிழையைச் செய்தது நெட்வொர்க் கம்பெனி இல்லை.

இன்னொரு கேள்வி இன்னும் நேரானது. எல்லார் கையிலும் ஃபோன் இருக்கிறதே, காருக்குத் தனியாக எதற்கு? பாட்டுக் கேட்க, வழி பார்க்க, வீட்டுக்குப் பேச என்றால் நிச்சயமாகத் தேவையில்லை. விபத்து என்று வரும்போதுதான் கணக்கு மாறுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மார்ச் 31 முதல் புதிய கார் மாடல்கள் எல்லாவற்றுக்கும் கட்டாயமாக்கப்பட்ட இ-கால் என்ற அமைப்பு எப்படி வேலைசெய்கிறது என்று நெருங்கிப் பார்த்தால் இது விளங்கும். கார் எதிலோ மோதுகிறது. ஏர்பேக்கைக் கட்டுப்படுத்தும் கருவி மோடத்துக்கு ஒரு சமிக்ஞை அனுப்புகிறது. அதுவரை அந்த மோடம் எந்த டவரிலும் பதிவு செய்யாமல் தூங்கிக்கொண்டிருக்கும். கார் போகும் இடமெல்லாம் யாரும் பின்தொடரக் கூடாது என்பதற்காகச் சட்டமே அப்படி வகுத்திருக்கிறது. இப்போது விழிக்கிறது, பாட்டு ஓடினால் அதை நிறுத்துகிறது, 112-ஐ அழைக்கிறது. இணைப்புக் கிடைத்ததும் முதல் சில நொடிகளுக்குப் பேச்சு இல்லை. அந்தக் காலத்து டயல்-அப் இணையத்தில் கேட்ட கீச்சொலி நினைவிருக்கிறதா? அதேபோன்ற ஒலியாக, பேச்சு போகும் அதே பாதையில், 140 பைட் செய்தி ஒன்று போகிறது. கார் எந்த இடத்தில் நிற்கிறது, எந்தத் திசையில் போய்க்கொண்டிருந்தது, மோதிய நேரம், வண்டியின் 17 எழுத்து அடையாள எண், பெட்ரோலா டீசலா மின்சாரமா, எத்தனை பேர் சீட் பெல்ட் போட்டிருந்தார்கள் என்பதெல்லாம் இந்தச் சின்னஞ்சிறு பொட்டலத்துக்குள் அடக்கம். அதன்பிறகுதான் மனிதக் குரல் திறக்கிறது. கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர் பேசுகிறார். உள்ளே இருப்பவர் நினைவிழந்து கிடந்தாலும் ஆம்புலன்சுக்கு இடம் தெரிந்துவிட்டது.

சட்டைப்பை ஃபோன் இதைச் செய்யாதா? இப்போது சில விலையுயர்ந்த ஃபோன்கள் மோதலைத் தாமாகவே உணர்ந்து அழைக்கின்றன, நல்ல முன்னேற்றம்தான். ஆனால் மோதும் நொடியில் டேஷ்போர்டில் நிறுத்தியிருந்த ஃபோன் எங்கே பறந்து விழும் என்று சொல்ல முடியாது. அதில் சார்ஜ் இருக்குமா, திரை உடையாமல் இருக்குமா, எல்லார் ஃபோனிலும் அந்த வசதி உண்டா என்பதெல்லாம் அந்தந்த நாளின் அதிர்ஷ்டம். காரில் பதித்த ஃபோன் சட்டகத்தோடு திருகப்பட்டிருக்கிறது; ஏர்பேக் விரிந்தது அதற்கு நேரடியாகத் தெரியும். இ-கால் வந்தால் உதவி வந்துசேரும் நேரம் நகரங்களில் 40 சதவீதமும் நாட்டுப்புறத்தில் 50 சதவீதமும் குறையும் என்று ஐரோப்பிய ஆணையம் மதிப்பிட்டது. ஆகவே இந்த ஃபோன் இருக்கட்டும். இருக்க வேண்டும். அதனால்தான் அது பாதியில் செத்துப்போவதைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

ஐரோப்பா கட்டாயமாக்கிய இ-காலிலும் இதே பழைய பிழை உள்ளே புகுந்துவிட்டது என்பது என்னை மிகவும் வருந்தச் செய்கிறது. அந்தக் கீச்சொலி முறை 2ஜி, 3ஜி பேச்சுப் பாதைக்காக வடிவமைத்தது. சட்டம் நடைமுறைக்கு வந்த 2018-இல் 4ஜி உலகெங்கும் பரவியாகிவிட்டது. 4ஜியில் பேச்சு இணையப் பொட்டலங்களாகப் போகிறது. பழைய மோடத்துக்கு அந்த வழியில் அழைக்கவே தெரியாது. ஜெர்மனியின் பெரிய நிறுவனங்கள் 2021-இல் 3ஜியை மூடிவிட்டன. எஞ்சியிருப்பது 2ஜி. புதிய முறை இ-கால், அதாவது 4ஜி, 5ஜி வழியே பேசுவது, 2026 ஜனவரியிலிருந்து புதிய மாடல்களுக்கும் 2027 ஜனவரியிலிருந்து விற்கும் புதிய கார்கள் அனைத்துக்கும் கட்டாயம் என்று விதி வந்திருக்கிறது. நல்ல விதி. ஆனால் இடைப்பட்ட எட்டு ஆண்டுகளில் பழைய முறையோடு விற்ற கார்களுக்கு அதில் பதில் இல்லை.

மாற்று வழி ஏதாவது உண்டா என்று கேட்டால், கார்களுக்குள்ளேயே இரண்டு முன்மாதிரிகள் இருக்கின்றன. முதலாவது காரின் பாட்டுப் பெட்டி. 180 மில்லிமீட்டர் அகலம், 50 மில்லிமீட்டர் உயரம் என்று ஜெர்மனியில் வகுத்த அளவு பிறகு உலகத் தரமானது. கார் அலங்காரக் கடைகளில் இன்றும் சிங்கிள் டின், டபுள் டின் என்று கேட்டு வாங்குவது இந்த அளவைத்தான். கம்பெனிக்காரன் யாரும் வாக்குறுதி கொடுக்கவில்லை. ஓட்டையின் அளவை மட்டும் ஒழுங்குபடுத்தினார்கள். அது போதுமானதாக இருந்தது. கேசட் வைத்து வந்த காரில் சிடி ஏறியது, சிடி போய் யுஎஸ்பி வந்தது, அதுவும் போய்த் தொடுதிரை வந்தது. காரின் வயதுக்குள் பாட்டின் நான்கு தலைமுறைகள் வந்துபோயின, யாரும் காரை விற்கவில்லை. திரையும் ஏசி பொத்தான்களும் ஒரே பலகையில் கலந்துவிட்ட புதிய கார்களில் அந்தச் சுதந்திரமும் குறைந்துவருகிறது என்பது வேறு கவலை.

இரண்டாவது முன்மாதிரி ப்ளூடூத். 2000-க்குச் சற்று முன்னும் பின்னும் ஐரோப்பிய உயர்ரகக் கார்களின் கை வைக்கும் பெட்டிக்குள் ஒரு தொட்டில் இருக்கும். குறிப்பிட்ட ஒரு மாடல் ஃபோனைத்தான் அதில் செருகலாம். ஃபோனை மாற்றினால் தொட்டிலையும் மாற்ற வேண்டும். அந்த ஃபோன் சந்தையிலிருந்து போய்விட்டால் தொட்டில் ஒரு குழி மட்டும்தான். பிறகு ப்ளூடூத்தில் கைபடாமல் பேசுவதற்கான பொதுத் தரம் வந்தது. அதன்பின் 2005-இல் செய்த காரோடு இன்றைக்கு வாங்கிய ஃபோனை இணைத்துப் பேச முடிகிறது. இருபது ஆண்டு இடைவெளி! ஃபோன் இருபது ஆண்டு உழைக்கவில்லை. ஃபோனும் காரும் பேசிக்கொள்ளும் மொழிதான் உழைத்தது. பதித்த ஃபோனுக்கும் இதையே செய்யலாம். மோடத்தைத் தனிப் பெட்டியாக்கி, அது காரோடு பேசும் இணைப்பை, அளவை, செருகும் முனையைப் பொதுத் தரமாக்கிவிட்டால், 2ஜி போனால் 4ஜி, 4ஜி போனால் அடுத்தது என்று சர்வீஸ் சென்டரில் அரை மணியில் மாற்றலாம்.

இதற்கு எதிராகச் சொல்லப்படுவனவற்றில் கனமானது பாதுகாப்புப் பற்றியது. 2015-இல் சார்லி மில்லர், கிறிஸ் வலாசெக் என்ற இரு ஆய்வாளர்கள், ஓடிக்கொண்டிருந்த ஒரு ஜீப் செரோக்கியை எங்கோ வீட்டில் இருந்தபடி ஸ்பிரிண்ட் செல்ஃபோன் நெட்வொர்க் வழியாகவே கட்டுப்படுத்திக் காட்டினார்கள். ஏசியை அலறவிட்டார்கள், வைப்பரை ஓட்டினார்கள், நெடுஞ்சாலையில் என்ஜின் இழுவையைத் துண்டித்தார்கள். ஃபியட் கிரைஸ்லர் 14 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. திருத்திய மென்பொருளை யுஎஸ்பி குச்சியில் போட்டு உரிமையாளர்களின் வீட்டுக்குத் தபாலில் அனுப்பியது. காரின் ஃபோனை யார் வேண்டுமானாலும் கழற்றி மாற்றலாம் என்றால் இப்படிப்பட்ட கதவு இன்னும் அகலமாகத் திறக்காதா என்பது நியாயமான அச்சம். என் பதில் இரண்டு பகுதி. அந்த ஜீப்பில் கதவு திறந்ததற்குக் காரணம், வெளியுலகோடு பேசும் பாகமும் வண்டியை இயக்கும் பாகங்களும் சரியான தடுப்பு இல்லாமல் ஒன்றோடொன்று பிணைந்திருந்ததுதான். மோடத்தைத் தனிப் பெட்டியாக்கி, அது என்ன பேசலாம் என்று குறுக்கே ஒரு காவலை வைக்கச் சொல்லும் தரம், அந்தப் பிணைப்பை இறுக்காது, தளர்த்தும். அடுத்து, பதினைந்து ஆண்டு பழைய, யாரும் திருத்தம் அனுப்பாத மோடம் ஒன்று காருக்குள் கிடப்பது பாதுகாப்பு ஆகாது. மாற்றக்கூடிய மோடம் என்றால் கம்பெனி முத்திரையுள்ள பாகம், கையொப்பமிட்ட மென்பொருள் என்று நிபந்தனை போடலாம். ஏர்பேக்குக்கே உதிரிபாகம் விற்கிறார்கள். அதைவிட ஆபத்தான பாகமா மோடம்?

செலவைப் பற்றியும் சொல்வார்கள். மோடம் மலிவு; ஆனால் ஒவ்வொரு பழைய மாடலிலும் அதைப் பொருத்திச் சோதித்து, ஒவ்வொரு நாட்டிலும் சான்றிதழ் வாங்குவது மலிவில்லை. உண்மை. ஆனால் அந்தச் செலவு இப்படி ஏறியிருப்பதே ஒவ்வொரு மாடலுக்கும் தனித்தனி வடிவம் செய்ததால்தான். முன்யோசனை இருந்தால் செலவு குறையும் என்பதற்கு ஜெனரல் மோட்டார்ஸே சாட்சி. 2015 முதல் அவர்கள் 4ஜி மோடம் வைத்தார்கள். 3ஜி மூடும் காலம் வந்தபோது, பேச்சையும் 4ஜியிலேயே அனுப்பும் மென்பொருளைக் காற்றுவழியாகவே அனுப்பி அந்தக் கார்களைக் காப்பாற்ற முடிந்தது. அதற்கு முந்தைய கார்களுக்கு அது வாய்க்கவில்லை. 4ஜி நீண்டகாலம் இருக்கும், இனி இந்தக் கவலை வேண்டாம் என்று சிலர் சொல்வது எனக்கு நம்பிக்கை தரவில்லை. எது முதலில் போகும் என்று கணிப்பதே கடினம்: பல நாடுகளில் மூத்த 2ஜி உயிரோடிருக்க, இளைய 3ஜி முன்னதாகப் போய்ச் சேர்ந்தது.

நம் ஊருக்கு இது தொலைதூரச் செய்தி ஒன்றும் இல்லை. 2019-இல் ஹூண்டாய் வென்யூ, எம்ஜி ஹெக்டர், கியா செல்டோஸ் என்று வரிசையாக வந்த கார்கள் உள்ளேயே சிம் பதித்து வந்தன. அதே 2019-இல்தான் ஏர்டெல் தன் 3ஜி சேவையை ஒவ்வொரு வட்டமாக மூடத் தொடங்கியது. ஜியோவிடமோ தொடக்கத்திலிருந்தே 2ஜியும் இல்லை, 3ஜியும் இல்லை. அந்த 2019 கார்களின் ஆர்.சி. 2034 வரை செல்லும். ஷோரூமில் கொடுக்கும் இலவச இணைப்போ முதல் சில ஆண்டுகளோடு முடிகிறது, அதன்பின் சந்தா. சந்தா எத்தனை ஆண்டுவரை விற்கப்படும் என்று விலைப்பட்டியலில் எங்கும் இருப்பதில்லை. டாக்சி போன்ற வாடகைப் பயணிகள் வாகனங்களிலும் 2019 ஜனவரி முதல் ஏஐஎஸ்-140 விதிப்படி இருப்பிடம் காட்டும் கருவியும் அவசரப் பொத்தானும் கட்டாயம். இரவில் தனியாக டாக்சியில் போகும் பெண்ணுக்காக வைத்த பொத்தான் அது. நல்லவேளையாக அந்தக் கருவி பெரும்பாலும் வெளியிலிருந்து பொருத்தும் தனிப் பெட்டி. நெட்வொர்க் மாறினால் அதை மாற்ற முடியும். இந்த ஒரு விஷயத்தில் லட்சங்கள் கொடுத்து வாங்கும் சொந்தக் காரைவிட வாடகை வண்டிக்கு நல்ல ஏற்பாடு கிடைத்திருக்கிறது.

அடிபடுவது பெரும்பாலும் இரண்டாவது, மூன்றாவது கைக்கு வண்டி வாங்குகிறவர்தான். புதுக்கார் வாங்குகிறவர் ஐந்தாறு ஆண்டில் விற்றுவிடுவார். அவரிடமிருந்து வாங்கும் சிறு சம்பளக்காரர் டயரைத் தட்டிப் பார்ப்பார், என்ஜின் ஆயிலைத் தொட்டுப் பார்ப்பார், இன்சூரன்ஸ் தேதியைப் படிப்பார். கூரையிலிருக்கும் பொத்தான் யாரையாவது கூப்பிடுமா என்று கேட்கத் தோன்றாது. கேட்டாலும் விற்பவருக்குத் தெரியாது. கேட்க வேண்டிய கேள்விகள் எளியவை: இந்த மோடம் எந்தத் தலைமுறை, பேச்சும் 4ஜியில் போகுமா, சேவை எந்த ஆண்டுவரை உறுதி, மோடத்தைத் தனியாக மாற்ற முடியுமா, முடிந்தால் என்ன விலை. இவற்றுக்குப் பதில் டயர் அளவைப்போல, டயரில் நிரப்ப வேண்டிய காற்றின் அளவைப்போல, கதவுச் சட்டத்தில் ஒட்டும் ஸ்டிக்கரிலேயே இருக்க வேண்டும். மைலேஜை அச்சிட்டு விற்கும் தொழிலுக்கு இது பெரிய வேலை இல்லை.

ஜெர்மனியில் டாய்ச்சே டெலிகாம் தன் 2ஜி நெட்வொர்க்கை 2028 ஜூன் 30 அன்று மூடப்போவதாக அறிவித்திருக்கிறது. பழைய முறை இ-கால் பதித்த புத்தம்புதுக் காரை அங்கே 2026 டிசம்பர் கடைசி நாள்வரை சட்டப்படி விற்கலாம். அன்றைக்குச் சாவி வாங்குகிறவரின் காருக்கு அந்த ஜூன் மாதத்தில் ஒன்றரை வயது முடிந்திருக்கும்.